மாந்துவாவின் ஓவியங்கள் மாட்ரிட்டுக்கும் பாரிசுக்கும் போனது எப்படி?

அருங்காட்சியகங்களில் இருக்கும் கலைப்பொருட்களை அவை வந்த நாட்டுக்கே திருப்பித் தர வேண்டும் என்ற வாதம் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. அதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. மாட்ரிட்டின் பிராடோவிலும் பாரிசின் லூவரிலும் இத்தாலிய ஓவியங்கள் குவிந்திருக்கின்றன. அவற்றில் பல, இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸிடம் இருந்தவை. அவரிடம் வருவதற்கு முன் மாந்துவா என்ற சிறிய இத்தாலிய நகரில் இருந்தவை. இவையும் கொள்ளையடிக்கப்பட்டவைதானா? அப்படியென்றால் இத்தாலியும் பிரிட்டனும் ஏன் அவற்றைக் கேட்பதில்லை?

பெரும்பாலானவை கொள்ளைப் பொருட்கள் அல்ல. விற்கப்பட்டவை, கடனுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டவை, அன்பளிப்பாகப் போனவை. ஆனால் அந்த விற்பனையைக் கடைவீதியில் நடக்கும் விற்பனை போல எண்ணிவிட்டால் இந்த வரலாறு பிடிபடாது. அன்றைய ஐரோப்பாவில் பெரிய ஓவியங்களுக்கு விலையை உண்டாக்கியது ஒன்றோடொன்று போட்டி போட்ட அரசவைகள். ஒரு குடும்பம் வீழ்ந்ததும் அதன் ஓவியங்கள் எழுந்து நிற்கும் இன்னொரு குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தன. இன்றைய அருங்காட்சியகங்களின் வரைபடத்தை அந்த வீழ்ச்சிகளே வரைந்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சில சொற்கள்

1. உடைமை வரலாறு: ஒரு ஓவியம் வரையப்பட்ட நாள் முதல் இன்றுவரை யார் யாரிடம் இருந்தது, எந்த வழியில் கைமாறியது என்ற தொடர். ஓவியம் யார் வரைந்தது என்பதைப் போலவே இதுவும் தனி ஆய்வுத்துறை.

2. பட்ட வரிசை: பேரரசர், மன்னர், டியூக், மார்க்கிஸ், கவுண்ட் என்று இறங்கும் படிநிலை. இத்தாலியின் வடபகுதியில் பல சிறு ஆட்சியாளர்கள் பெயரளவில் புனித ரோமானியப் பேரரசருக்குக் கீழ்ப்பட்டவர்கள். பட்டத்தை உயர்த்தித் தரும் உரிமை பேரரசரிடம் இருந்தது.

3. அரசவைக் கொடை: ஒரு ஆட்சியாளர் இன்னொருவருக்கு அனுப்பும் அன்பளிப்பு. நன்றி, சமாதானம், திருமணப் பேச்சு என எதற்காவது அது முன்பணமாக இருக்கும்.

4. போர்க்கொள்ளை: படை நுழைந்து எடுத்துச் செல்வது, அல்லது தோற்றவர் கையெழுத்திடும் உடன்படிக்கையில் எழுதி வாங்கிக்கொள்வது. இரண்டாவது வகைக்குக் காகிதம் இருக்கும் என்பதால் வாதம் சிக்கலாகும்.

கொன்சாகா குடும்பத்துக்கு ஓவியம் ஏன் தேவைப்பட்டது?

மாந்துவாவை கொன்சாகா குடும்பம் 1328இல் இன்னொரு குடும்பத்தைத் துரத்திவிட்டுக் கைப்பற்றியது. பழைய அரச வம்சம் அல்ல. கூலிப்படை நடத்தி, வெனிஸுக்கும் மிலானுக்கும் மாறி மாறிப் போர் செய்து சம்பாதித்த குடும்பம். 1433இல் பேரரசர் சிகிஸ்மண்ட் அவர்களை மார்க்கிஸ் ஆக்கினார். அதற்கு 12,000 பொற்காசுகள் கொடுக்க வேண்டியிருந்தது. 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அவர்களை டியூக் நிலைக்கு உயர்த்தினார்.

பட்டத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். பரம்பரைப் பெருமையை அப்படி வாங்க முடியாது. அதைக் கண்முன் காட்டியாக வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஓவியர் வந்தார். 1458இல் லுடோவிக்கோ கொன்சாகா, ஆந்திரேயா மாந்தேன்யா என்ற ஓவியரை அழைத்து எழுதிய கடிதத்தில் நிபந்தனைகள் தெளிவாக இருக்கின்றன: மாதம் 15 டுக்காட் பொற்காசு, குடியிருக்க வீடு, ஆறு பேருக்குப் போதுமான தானியம், எரிக்க விறகு. மாந்தேன்யா 1460இல் வந்து சேர்ந்து, 1506இல் இறக்கும்வரை அக்குடும்பத்துக்கே உழைத்தார்.

அவர் செய்தவற்றில் 'சீசரின் வெற்றி ஊர்வலம்' என்ற ஒன்பது பெரிய துணி ஓவியங்களை நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் நீளத்திலும் அகலத்திலும் இரண்டரை மீட்டருக்கு மேல். ஜூலியஸ் சீசர் போரில் வென்று ரோமுக்குத் திரும்பும் காட்சி. முதல் ஓவியத்தில் ஊதுகொம்பு ஊதுபவர்களுக்குப் பின்னால் வீரர்கள் எதைத் தூக்கி வருகிறார்கள் தெரியுமா? பிடிபட்ட நகரங்களை வரைந்த ஓவியங்களை. தொடர்ந்து வரும் காட்சிகளில் சிலைகள், கவசக் குவியல்கள், காசு நிறைந்த பாத்திரங்கள், யானைகள், கைதிகள், கடைசியில் தேரில் சீசர். கலைப்பொருள் வென்றவன் கைக்குப் போவதையே பொருளாக எடுத்து வரைந்த தொடர் இது. வரைந்து சுமார் 130 ஆண்டுகளில் இத்தொடரும் இன்னொரு ஆட்சியாளரிடம் போய்விட்டது.

ஆக, ஒரு ஆட்சிக் குடும்பத்துக்கு ஓவியம் செய்த வேலைகளை இப்படிப் பிரிக்கலாம்:

1. புதுப்பணக்காரக் குடும்பத்துக்குப் பழைய ரோமின் நிழலைத் தருவது.

2. விருந்தினராக வரும் தூதர்களை அசரவைப்பது. அவர்கள் ஊர் திரும்பி எழுதும் அறிக்கையே அக்குடும்பத்தின் மதிப்பீடு.

3. பிற அரசவைகளோடு கொடுக்கல் வாங்கலுக்கு உதவுவது.

மூன்றாவதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. ரஃபேலின் பட்டறையில் 1518-1520 வாக்கில் உருவான ஒரு திருக்குடும்ப ஓவியம் கனோசா குடும்பத்திடம் இருந்தது. அன்னை மரியாளும் புனித அன்னாளும் அருகருகே அமர்ந்திருக்க, தோலாடை அணிந்த சிறுவன் யோவான் பழங்களை நீட்ட, குழந்தை இயேசு ஒரு காலைத் தொட்டிலில் வைத்தபடி தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் ஓவியம். உயரம் ஒன்றரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. 1604இல் டியூக் முதலாம் வின்சென்சோ கொன்சாகா இதைப் பெற்றுக்கொண்டார். கைமாறாகக் கொடுத்தது நிலமும் மார்க்கிஸ் பட்டமும். ஓர் ஓவியத்துக்கு விலையாகப் பிரபுப் பட்டமே போயிற்று. இந்த ஓவியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு வீழ்ச்சியிலும் அது இடம் மாறும்.

மாந்துவா ஏன் விற்றது?

வின்சென்சோ காலத்தில் மாந்துவா அரசவை உச்சத்தில் இருந்தது. பீட்டர் பால் ரூபென்ஸ் 1600 முதல் 1608 வரை அங்கே அரண்மனை ஓவியர். மொந்தெவெர்தியின் 'ஓர்ஃபேயோ' இசை நாடகம் 1607இல் அங்கேதான் அரங்கேறியது. அதே ஆண்டு, ரோமில் ஒரு தேவாலயம் வேண்டாம் என்று ஒதுக்கிய கரவாஜியோவின் 'கன்னி மரியாளின் மரணம்' ஓவியத்தை ரூபென்ஸின் யோசனைப்படி டியூக்குக்காக வாங்கினார்கள்.

இவ்வளவுக்கும் வருமானம் ஒரு சிறு நாட்டின் வருமானம். மோன்ஃபெராத்தோ பகுதிக்காக 1613 முதல் நடந்த போர்களும் சேர்ந்துகொள்ள, வின்சென்சோவின் மகன்கள் காலத்தில் கடன் கழுத்தை நெரித்தது. 1627இல் கடைசி மகன் இரண்டாம் வின்சென்சோ ஓவியங்களை விற்கச் சம்மதித்தார். வெனிஸில் இருந்த டேனியல் நைஸ் என்ற வணிகர் தரகு பார்த்தார். இங்கிலாந்து மன்னர் சார்பில் ஓவியங்களைத் தேர்ந்தெடுத்தவர் நிக்கோலஸ் லானியர் என்ற அரண்மனை இசைக்கலைஞர். ஓவியங்களுக்கு மட்டும் 15,000 பவுண்டு பேசி முடிந்தது. பிறகு மாந்தேன்யாவின் ஊர்வலத் தொடரும் சிலைகளும் தனியாக 10,500 பவுண்டுக்குப் போயின.

செய்தி வெளியே தெரிந்தபோது மாந்துவா மக்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது: நகரத்தின் மானம் மூட்டை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் வின்சென்சோ 1627 டிசம்பரில் வாரிசின்றி இறந்தார். யார் அடுத்த டியூக் என்ற சண்டை ஐரோப்பியப் போராக வளர்ந்தது. 1630 ஜூலையில் பேரரசின் படை நகருக்குள் புகுந்து சூறையாடியது. முன்பே கப்பலேறியவை அதனால் தப்பின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தப்பியவையும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. 'மார்கரெட்' என்ற கப்பலில் ஓவியங்களோடு பாதரசமும் ஏற்றப்பட்டிருந்தது. அது கசிந்து பல ஓவியங்கள் கறுத்துவிட்டன. டிஷியன் வரைந்த ரோமானியப் பேரரசர் வரிசையில் விட்டெல்லியஸின் படம் தேறவே இல்லை. அதற்குப் பதிலாகப் பிறகு வான் டைக் என்ற ஓவியர் ஒன்றை வரைந்து கொடுக்க வேண்டியிருந்தது.

சார்லஸ் ஏன் வாங்கினார்?

இளவரசராக இருந்தபோது 1623இல் சார்லஸ் பெண் கேட்டு மாட்ரிட் போனார். ஸ்பானிய இளவரசியோடு திருமணப் பேச்சு முறிந்தது. ஆனால் பல மாதங்கள் அவர் ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் ஓவியங்களுக்கு நடுவே இருந்தார். தங்கமும் வைரமும் எந்த வணிகனிடமும் இருக்கும். அறைக்கு அறை டிஷியன் தொங்குவது பேரரசர்களின் வாரிசுகளிடம் மட்டுமே என்பதை அங்கே கண்டார். ஸ்பெயின் மன்னர் நான்காம் ஃபிலிப் அவருக்கு டிஷியனின் 'நாயுடன் ஐந்தாம் சார்லஸ்' ஓவியத்தைப் பரிசளித்தார். தன் கொள்ளுப்பாட்டன் பேரரசரின் உருவத்தையே கொடுத்தது திருமண உறவுக்கான முன்பணம். 'டயானாவும் ஆக்டியோனும்' உள்ளிட்ட டிஷியனின் புராண ஓவியங்களும் அவருக்காகக் கட்டி வைக்கப்பட்டன. பேச்சு முறிந்ததும் அவை கட்டியபடியே அங்கே நின்றுவிட்டன.

மன்னரானபின் அவர் செய்ததைப் பார்த்தால் மாட்ரிட்டில் கற்ற பாடம் தெரியும். மாந்துவாத் தொகுப்பை ஒரே வீச்சில் வாங்கியது முதல் படி. ரூபென்ஸ் ஸ்பெயினின் தூதராக 1629இல் லண்டன் வந்து சமாதானம் பேசினார். போர்க்கடவுளிடமிருந்து சமாதான தேவியைக் காக்கும் ஓவியம் ஒன்றை மன்னருக்குக் கொடுத்தார். 1630இல் சர் பட்டம் பெற்றார். வைட்ஹால் அரண்மனையின் விருந்து மண்டபக் கூரைக்கு அவர் வரைந்தவை 1636இல் பொருத்தப்பட்டன. மன்னரின் தந்தை முதலாம் ஜேம்ஸ் தேவலோகம் ஏறும் காட்சி. விளக்குப் புகை படியக்கூடாது என்று அந்த மண்டபத்தில் இரவு நாடகங்களையே நிறுத்திவிட்டார்கள்.

1632இல் வந்த அந்தோனி வான் டைக் செய்தது அதைவிட நுட்பமானது. சார்லஸ் குள்ளமான மனிதர், பேச்சில் திக்குபவர். வான் டைக் பார்வைக் கோட்டைக் கீழே இறக்கினார். 1633ஆம் ஆண்டின் குதிரை ஓவியத்தில் நாம் தரைமட்டத்திலிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். வளைவுக்குள்ளிருந்து வெள்ளைக் குதிரை நம்மை நோக்கி வருகிறது. பக்கத்தில் நிற்கும் குதிரைப் பயிற்சியாளர் தலையைத் தூக்கி மன்னர் முகத்தைப் பார்க்கிறார். அவர் கண் போகும் இடத்துக்கே நம் கண்ணும் போகிறது. உயரக் குறைவு எங்கேயும் தெரியாது. ஓவியத்தால் ஒரு உடலுக்கு ஆட்சித் தோற்றம் தர முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

இதற்கான செலவு யார் தலையில் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மாந்துவா ஓவியங்களுக்குப் பணம் புரட்டிய வங்கியாளர் ஃபிலிப் புர்லமாக்கி, அதே மாதங்களில் பிரான்சின் ரே தீவில் திண்டாடிய ஆங்கிலப் படைக்கும் பணம் புரட்ட வேண்டியிருந்தது. 15,000 பவுண்டுக்கு என்ன வழி என்று அவர் அரண்மனைக்கு எழுதிக் கேட்டார். மன்னர் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் கட்டாயக் கடன் வசூலித்துக்கொண்டிருந்த காலம் அது. தரகர் நைஸ் 1631இலும் வங்கியாளர் புர்லமாக்கி 1633இலும் திவாலானார்கள். 1629 முதல் 11 ஆண்டுகள் மன்னர் நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஓவியங்களால் போர் வந்தது என்று சொல்வது தவறு. வரி, மதம், அதிகாரம் என்று காரணங்கள் பெரியவை. ஆனால் மக்களிடம் கேட்காமல் செலவு செய்யும் மனப்போக்கு இரண்டிலும் ஒன்றே.

1649 ஜனவரி 30 அன்று, ரூபென்ஸின் கூரை ஓவியத்துக்குக் கீழே நடத்திச் செல்லப்பட்டு, அந்த மண்டபத்துக்கு வெளியே அமைத்த மேடையில் சார்லஸின் தலை வெட்டப்பட்டது.

1649: மன்னரின் பொருட்கள் விற்பனைக்கு

மன்னர் விட்டுச்சென்றது சுமார் 1,500 ஓவியங்களும் 500 சிலைகளும், கூடவே பெருங்கடனும். தையல்காரர், துணி வணிகர், அரண்மனை ஊழியர் என்று நூற்றுக்கணக்கானோருக்குப் பாக்கி. 1649 ஜூலையில் நாடாளுமன்றம் மன்னர், அரசி, இளவரசர் ஆகியோரின் பொருட்களை விற்கச் சட்டம் இயற்றியது. சாமர்செட் மாளிகையில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன.

நடந்ததைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. முதலில் உருக்கக்கூடியவை உருக்கப்பட்டன. மகுடங்களின் தங்கம் நாணயச் சாலைக்குப் போனது. தங்கத்துக்கு எங்கும் எடைப்படி விலை உண்டு. ஓவியத்தை உருக்க முடியாது. துணிக்கும் சாயத்துக்கும் காசு பெறாது. இன்னொருவர் ஆசைப்பட்டால் மட்டுமே அதற்கு விலை. ஓவியங்கள் பிழைத்ததற்கு இதுதான் அடிப்படைக் காரணம்.

2. மதிப்பீட்டாளர்கள் போட்ட விலைகள் நமக்கு வியப்பளிப்பவை. ஆபிரகாமின் கதையைச் சொல்லும் பத்துத் தொங்குதிரைகள், தங்க வெள்ளி இழை சேர்த்து நெய்தவை, 8,260 பவுண்டு. மாந்தேன்யாவின் ஒன்பது ஓவியங்களும் சேர்ந்து 1,000 பவுண்டு. தொங்குதிரை நெய்வதற்காக ரஃபேல் காகிதத்தில் தீட்டிய பெரிய மாதிரிப் படங்கள் வெறும் 300 பவுண்டு. ஓவியங்களில் மிக உயர்ந்த விலை, கனோசா குடும்பத்திடமிருந்து மாந்துவா வழியாக வந்த அந்தத் திருக்குடும்ப ஓவியத்துக்கு: 2,000 பவுண்டு.

3. விற்பனை மந்தமாக நடந்தது. போரில் நொடித்த நாட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் வாங்க யார் இருக்கிறார்கள்? அதனால் 1651இல் கடன் கொடுத்தவர்களைக் குழுக்களாகச் சேர்த்து, பணத்துக்குப் பதில் பொருளையே பங்கு போட்டுக் கொடுத்தார்கள். அரண்மனைக் குழாய் வேலைக்காரர் ஜான் எம்ப்ரீக்குக் கிடைத்தவற்றுள் டிஷியனின் 'புனித மார்கரெட்'டும் ஒன்று.

4. சிலவற்றை, மன்னருக்குப் பின் அமைந்த குடியரசு தனக்கென வைத்துக்கொண்டது. ஆபிரகாம் தொங்குதிரைகள், சீசரின் ஊர்வலம், ரஃபேலின் மாதிரிப் படங்கள் ஆகியவை ஆலிவர் க்ராம்வெல் ஆட்சியின் பயன்பாட்டுக்காக ஒதுக்கப்பட்டன. மன்னரைக் கொன்ற ஆட்சிக்கும் வெளிநாட்டுத் தூதர்களை வரவேற்கும் சுவர்கள் வெறுமையாக இருக்கக்கூடாது. சீசர் ஊர்வலம் இன்றும் ஹாம்ப்டன் கோர்ட்டில் இருப்பது இதனால்தான்.

வாங்கியவர்கள் யார்?

குழாய் வேலைக்காரரும் துணி வணிகரும் டிஷியனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? காசாக்கத்தான் பார்ப்பார்கள். காசு வைத்திருந்தவர்கள் வெளிநாட்டு அரசவைகளின் ஆட்கள்.

லண்டனில் ஸ்பானியத் தூதர் அலோன்சோ தெ கார்தெனாஸ், ஃபிலிப் மன்னரின் முதலமைச்சர் லூயிஸ் தெ ஆரோவுக்காக அமைதியாக வாங்கிக் குவித்தார். மன்னரே நேரடியாக வாங்குவது பொருந்தாது. கொல்லப்பட்டவர் இன்னொரு மன்னர்; அவருடைய பொருளைக் கொன்றவர்களிடமிருந்து வாங்குவது பழி. அமைச்சர் வாங்கி மன்னருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் அந்தப் பழி மறையும். ஃபிலிப் 1623இல் பரிசளித்த 'நாயுடன் ஐந்தாம் சார்லஸ்' 150 பவுண்டுக்கு ஸ்பெயினுக்கே திரும்பியது. ட்யூரரின் 1498ஆம் ஆண்டுத் தன்னுருவ ஓவியமும் எம்ப்ரீயின் 'புனித மார்கரெட்'டும் மாட்ரிட் போயின. திருக்குடும்ப ஓவியமும் போனது. தன் தொகுப்பின் முத்து என்று ஃபிலிப் அதைப் போற்றியதாகப் பேச்சு. 'லா பெர்லா' என்ற பெயர் அதிலிருந்து நிலைத்தது. 1656இல் எஸ்கோரியல் மடாலயத்தில் மன்னரின் ஓவியங்களை முறைப்படுத்தி மாட்டும் பொறுப்பு அரண்மனை ஓவியர் வெலாஸ்கெஸுக்கு வந்தபோது லா பெர்லாவுக்கு அங்கே இடம் கிடைத்தது.

வெலாஸ்கெஸ் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிரபுக்களுக்கு ஓவியத்தின் மீது இவ்வளவு மோகம் இருந்தும், கையால் வேலை செய்து கூலி வாங்குபவர் பிரபு ஆக முடியாது என்ற விதி ஸ்பெயினில் உறுதியாக இருந்தது. சந்தியாகோ வீரர் அவையில் வெலாஸ்கெஸைச் சேர்க்க மன்னரே விரும்பியபோதும் விசாரணை நடந்தது. அவர் ஓவியம் விற்றுப் பிழைக்கவில்லை, மன்னருக்காக மட்டுமே தீட்டினார் என்று சாட்சிகள் சத்தியம் செய்தார்கள். ஐரோப்பாவின் தலைசிறந்த ஓவியர், தான் ஓவியத் தொழிலாளி அல்ல என்று நிறுவவேண்டி இருந்தது. 1659இல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, அந்த அவையின் சின்னமான சிவப்புச் சிலுவை அவருக்குக் கிடைத்தது.

பாரிசுக்குப் போனவை வேறு வழியில் போயின. மன்னரின் மரண உத்தரவில் கையெழுத்திட்ட கர்னல் ஜான் ஹட்சின்சன் டிஷியனின் 'பார்தோ வீனஸ்' ஓவியத்தை 600 பவுண்டுக்கு வாங்கிப் பின்னர் பிரான்சின் முதலமைச்சர் கார்டினல் மசாரினுக்கு விற்றார். எபர்ஹார்ட் யபாக் என்ற வங்கியாளர் டிஷியனின் 'கல்லறை அடக்கம்', கரவாஜியோவின் 'கன்னி மரியாளின் மரணம்' முதலியவற்றை வாங்கினார். பிறகு அவருக்கே பண நெருக்கடி வர, 1662இலும் 1671இலும் பதினான்காம் லூயியிடம் விற்றார். இன்று லூவரில் இருப்பவை இவையே.

வியன்னாவின் கதை சுருக்கமானது. சார்லஸின் அவையைச் சேர்ந்த ஹாமில்டன் பிரபுவும் 1649இல் தலையிழந்தார். அவருடைய வெனிஸ் ஓவியங்களை பிரஸ்ஸல்ஸில் ஆளுநராக இருந்த ஹாப்ஸ்பர்க் ஆர்ச்டியூக் லியோபோல்ட் வில்ஹெல்ம் வாங்கினார்; அவர் வழியாக அவை வியன்னா சேர்ந்தன.

1660இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியதும் தந்தையின் பொருட்களைத் திருப்பித் தரும்படி ஆணை வந்தது. உள்நாட்டில் இருந்தவர்கள் ஒப்படைத்தார்கள். மாட்ரிட்டிலும் பாரிசிலும் இருந்தவற்றைக் கேட்க அவருக்கு வலிமை இல்லை.

இரண்டு குடியரசுகள், இரண்டு முடிவுகள்

மன்னரைக் கொன்ற இன்னொரு நாடு பிரான்ஸ். அங்கே வெர்சாய் அரண்மனையின் மேசை நாற்காலிகள் 1793-94இல் ஏலம் போயின. ஆனால் ஓவியங்களை விற்கவில்லை. 1793 ஆகஸ்ட் 10 அன்று, முடியாட்சி வீழ்ந்த முதல் ஆண்டு நிறைவில், லூவர் பொது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1649இன் இங்கிலாந்து, ஓவியத்தை மன்னரின் தனிச்சொத்தாகக் கருதி அவர் கடனுக்கு ஈடாக்கியது. 1793இன் பிரான்ஸ் அதே பொருளை நாட்டின் சொத்து என்று அறிவித்தது. இந்த வேறுபாட்டின் விளைவுகள் இன்றும் தொடர்கின்றன.

பிரான்சிலும் தனியார் தொகுப்புகள் தப்பவில்லை. ஓர்லியான் டியூக் தன் கடனுக்காக விற்ற ஓவியங்கள் லண்டனுக்கு வந்தன. 1623இல் சார்லஸுக்காகக் கட்டி வைக்கப்பட்ட 'டயானாவும் ஆக்டியோனும்' அவற்றில் ஒன்று. 1704இல் ஸ்பெயினிலிருந்து பிரான்சுக்குப் போயிருந்தது. 1798இல் பிரிட்ஜ்வாட்டர் டியூக்கின் குழு வாங்கியது. அவர் வழியில் வந்த சதர்லண்ட் டியூக்கிடமிருந்து 2009இல் லண்டன், ஸ்காட்லாந்து தேசியக் காட்சியகங்கள் சேர்ந்து 5 கோடி பவுண்டு கொடுத்து வாங்கின. பிரபுக் குடும்பம் விற்க முன்வந்தால் அரசு நிறுவனங்கள் நிதி திரட்டி ஓடுவது ஏன் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது: பிரிட்டனில் பெரும் தொகுப்புகள் பல 1793ஐப் போன்ற ஒரு நாளைக் காணவில்லை. அவை தனிச்சொத்தாகவே நீடித்தன. ஆகவே பொதுமக்களுக்காக அவற்றை விலை கொடுத்தே வாங்க வேண்டும்.

அப்படியானால் திருப்பிக் கேட்கலாமா?

1. லா பெர்லா போன்றவற்றுக்கு மாந்துவா உரிமை கோர முடியாது. ஆட்சியில் இருந்த டியூக், ஒப்புக்கொண்ட விலைக்கு, போர் மிரட்டல் இன்றி விற்றார். நகர மக்களிடம் அவர் கேட்கவில்லை என்பது அறம் சார்ந்த குறை. அன்றைய சட்டம் அதைக் குறையாகக் கருதவில்லை.

2. பிரிட்டனும் கோர முடியாது. சட்டம் இயற்றி விற்றது அந்நாட்டின் ஆட்சியே. அந்தச் சட்டம் முறையற்றது என்று 1660க்குப் பின் வந்த முடியாட்சி கருதியது உண்மை. ஆனால் அந்தக் கருத்தை அப்போதே வெளிநாட்டு மன்னர்கள் ஏற்கவில்லை.

3. படை எடுத்துச் சென்றவை வேறு. 1648இல் ஸ்வீடன் படை பிராகில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் தொகுப்பைச் சூறையாடியது. அங்கிருந்து போன 'வெள்ளி பைபிள்' இன்றும் உப்சாலாவில்தான் இருக்கிறது. நெப்போலியன் இத்தாலியில் எடுத்தவற்றில் கணிசமானவை 1815இல் அவர் தோற்றபின் திரும்பின. வெனிஸின் வெண்கலக் குதிரைகள் அப்படி வந்தவை. திரும்பாதவையும் ஏராளம். இரண்டையும் தீர்மானித்தது 1815இல் யார் படை பாரிசில் நின்றது என்பதே.

லூவரில் மாந்துவா ஓவியங்கள் இரண்டு வழியிலும் வந்து ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 'கன்னி மரியாளின் மரணம்' விலைக்கு வந்தது. மாந்தேன்யாவின் 'வெற்றி மாதா' நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படை மாந்துவாவிலிருந்து கொண்டுபோனது. திருப்பித் தர வேண்டிய ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இதன் முன்கதை இன்னும் கசப்பானது. தானியேலே தா நோர்சா என்ற யூத வங்கியாளர் மாந்துவாவில் வாங்கிய வீட்டின் சுவரில் மாதா ஓவியம் ஒன்று இருந்தது. திருச்சபையின் அனுமதி பெற்றே அதை அவர் அகற்றினார். இருந்தும் 1495இல் கலவரம் கிளம்பியது. ஃபோர்னோவோ போரில் வென்றதாகக் கொண்டாடிய மார்க்கிஸ் பிரான்செஸ்கோ கொன்சாகாவின் பெயரில், புதிய மாதா ஓவியத்துக்கு 110 டுக்காட்டை தானியேலேயே கட்ட வேண்டும் என்று ஆணை வந்தது. வீடும் இடிக்கப்பட்டு அங்கே தேவாலயம் எழுந்தது. மாந்தேன்யாவின் ஓவியத்தில் கவசத்தோடு மண்டியிட்டு மாதாவின் அருளைப் பெறுபவர் மார்க்கிஸ். பணம் கொடுத்தவர் அதில் இல்லை. அவரையும் குடும்பத்தாரையும் மாதாவின் காலடிக்குக் கீழே, யூதர் என்று காட்டும் மஞ்சள் அடையாளத்தோடு நிறுத்திய இன்னொரு ஓவியம் அக்காலத்தில் வரையப்பட்டது. யார் வரைந்தது என்று பெயர் இல்லாத அந்த ஓவியத்தை எந்த மன்னரும் விலைக்குக் கேட்கவில்லை, எந்தப் படையும் தூக்கிச் செல்லவில்லை. மாந்துவாவின் சாந்த் ஆந்திரேயா தேவாலயத்தில் அது இருக்கிறது.